கத்திக்காரி கயோவின் கடைசி வசனம்

மேலகரம்
2.6.2025

குற்றாலீஸ்வரன் அண்ணாச்சிக்கு,

மெஹர் பானு எழுதுகிறேன். போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களோடு பேச முடியாது. நீங்கள் பேசுவதைக் கேட்கத்தான் முடியும். சனிக்கிழமை நாற்பத்தோரு நிமிடம் பேசினோம். அதில் நான் சொன்னது 'அண்ணாச்சி' நான்கு முறை, 'அதில்ல' இரண்டு முறை. காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. அதனால் உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்லவேண்டியதை எழுதி அனுப்புங்கள்.

இரண்டாம் பாகத்தின் டப்பிங்கில், கடைசிக் காட்சிக்கு முன்னால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நான் வந்தது தலைவலியால் இல்லை. இரண்டு காரணங்கள்.

'கத்திக்காரி கயோ' முதல் பாகத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் கயோவாகப் பேசியது நான். காஜாவின் யூடியூப் சேனலில் அதை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். டைட்டிலில் 'தமிழ் வசனம்: பத்திர எழுத்தர் தென்காசி குற்றாலீஸ்வரன்' என்று வருகிறது. அடுத்து 'மேற்பார்வை', அதிலும் நீங்கள். படம் முடிந்ததும் 'நன்றி' என்று போட்டு அங்கேயும் நீங்கள். நான் எங்கே என்று தேடினால் 'குரல்: குழுவினர்' என்று இருக்கிறது. எந்தக் குழு, அண்ணாச்சி? காஜாவின் மொபைல் கடை மாடியில், சுவரெல்லாம் மெத்தை கட்டிய அந்த அறையில் இருந்தது நாம் மூன்று பேர். செத்துப்போன ஆண்களுக்கெல்லாம் நீங்கள் பேசினீர்கள். காஜா குதிரைக்குக் கனைத்தான். அவன் பெயர்கூட 'தயாரிப்பு' என்று வந்துவிட்டது.

இரண்டாவது, இந்தப் பாகத்துக்கு நீங்கள் எழுதிய வசனம். ஐம்பது வருடத்துக்கு முன்பு எடுத்த படத்தில் அந்த ஜப்பான்காரி அரை நொடி வாயைத் திறந்து மூடியிருக்கிறாள். அந்த அரை நொடிக்கு நீங்கள் எழுதியது இது: "காலஞ்சென்ற தோகிச்சியின் ஏக புத்திரியும் மேற்படி கிராமத்தில் வசித்து வருபவளுமாகிய கயோ என்னும் நான், யாருடைய தூண்டுதலும் இன்றி, பூரண சுயநினைவோடு உன்னை வெட்டுகிறேன்." நான் ஏலக்காரன் மாதிரி ஓட்டிப் பேசியும், வெட்டுப்பட்டவன் விழுந்து மண்ணைத் தொட்ட பிறகும் வசனம் மிச்சம் இருந்தது.

இரண்டாம் பாகத்தின் டைட்டிலில் என் பெயர் வரவேண்டும். கடைசிக் காட்சிக்கு வசனம் குறையவேண்டும். இரண்டும் நடக்காமல் நான் மாடி ஏறமாட்டேன்.

பானு


தென்காசி
7.6.2025

அன்புள்ள தங்கச்சி பானுவுக்கு,

நலம். நாடுவதும் நலமே. நாளது தேதி காலையில் உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர். உன் கடிதம் எங்கெல்லாம் சுற்றிவிட்டு வந்ததோ, ஐந்து நாள் ஆகிவிட்டது. குற்றாலம் பஸ்ஸில் தினமும் உன் தெருவைத் தாண்டித்தான் போகிறேன். இறங்கி வந்து பேசியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் நான் யாரென்று சொல்வாய்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உன் பெயரை நான் வேண்டுமென்று விடவில்லை. நீ டியூஷன் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் டப்பிங்குக்கு வருகிறாய் என்று காஜா சொன்னான். உன் பெயர் திரையில் வந்து, அதை உன் மாமியார் ஹாஜரா பீவி பார்த்து, ஷார்ஜாவில் இருக்கும் உன் வீட்டுக்காரர் காதுக்குப் போய், நாளைக்கு உன் குடும்பத்தில் ஒரு வில்லங்கம் என்றால் அந்தப் பாவம் யாருக்கு? ஒரு அண்ணனாக யோசித்தேன். இதற்கு நீ நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

வசனம் நீளம் என்கிறாய். கயோ பழிவாங்கப் போகிறவள். எதிரிக்கு, தான் யாரால் எதற்காக வெட்டப்படுகிறோம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியவேண்டாமா? நாளைக்கு ஒரு தாவா, வழக்கு என்று வந்தால்?

நீ வராவிட்டாலும் வேலை நிற்காது. சுரண்டை ஜவுளிக் கடை ஒன்றில் மைக் பிடிக்கும் சந்தனமாரி என்ற பெண்ணை காஜா பேசி முடித்திருக்கிறான். நல்ல கணீர்க் குரல். கடைசிக் காட்சியை அவள் பேசுவாள். வருத்தப்படாதே.

இப்படிக்கு,
குற்றாலீஸ்வரன்


மேலகரம்
12.6.2025

அண்ணாச்சிக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? "பானு, உன் பேரைப் போடலாமா?" நான்கு சொல். உங்களுக்கு நான்கு சொல்லில் பேசி வழக்கமில்லை என்பதால் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ரூமில் இருக்கும் எட்டுப் பேரையும் உட்காரவைத்து முதல் பாகத்தைக் காட்டியிருக்கிறார். "உம்மாட்ட மட்டும் நீயே சொல்லிக்கோ, எனக்குப் பயமா இருக்கு" என்றும் சொல்லிவிட்டார். மாமியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உண்மைதான். அது என் வீட்டுப் பாடு. எப்போது சொல்வது என்று நான்தான் முடிவு செய்யவேண்டும், பத்திர எழுத்தர் இல்லை.

சந்தனமாரிக்கு என் வாழ்த்து.

பானு


தென்காசி
20.6.2025

அன்புள்ள பானுவுக்கு,

சந்தனமாரி வந்தாள். பேசினாள். போய்விட்டாள்.

குறை சொல்லக்கூடாது. நல்ல பிள்ளை. ஆனால் ஒன்பது வருடமாகக் கடை வாசலில் ஆட்களைக் கூப்பிட்ட தொண்டை. கயோ கத்தியை உருவிக்கொண்டு "உன் காலம் முடிந்தது" என்று சொன்னால், தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. மூன்று தரம் எடுத்தோம். மூன்றாம் தரம் அவளையறியாமல் கடைசியில் "வாங்க, வாங்க" என்று சேர்த்துவிட்டாள்.

பிறகு நானே குரலை மெலிதாக்கிப் பேசிப் பார்த்தேன். கேட்டுவிட்டு காஜா, "அண்ணாச்சி, கயோவுக்கு ஜலதோசம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

இன்னொரு சிக்கல். படத்தில் அருவிச் சத்தம் தேய்ந்து போயிருக்கிறதென்று காஜா ஐந்தருவிக்குப் போய் போனில் பிடித்து வந்தான். சத்தம் அருமையாக இருக்கிறது. நடுவில் ஒருத்தர் "ஏலே, துண்ட எங்கலே வச்ச" என்று கேட்பதும் பதிவாகியிருக்கிறது. கத்திச் சண்டைகளுக்குக் பக்கத்துக் கடையின் கொத்துப் பரோட்டா சத்தம் பொருந்தியதுபோல இதுவும் பொருந்திவிடும் என்று காஜா சொல்கிறான்.

ஜூலை 20 ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, மேலகரம் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவதாக நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. சேனலுக்கு மூன்றாம் ஆண்டு. யாருக்கும் டிக்கெட் கிடையாது. சாரல் சீசன், கூட்டம் வரும்.

ஆகவே ஒரு சமாதானம். படம் முடிந்தபின் 'குரல் உதவி: மெஹர் பானு' என்று போடச் சொல்கிறேன். வசனத்தில் இரண்டு வரி குறைக்கிறேன்.

இப்படிக்கு,
குற்றாலீஸ்வரன்


மேலகரம்
25.6.2025

அண்ணாச்சிக்கு,

குரல் உதவி என்றால் என்ன? கயோ பேசினாள், நான் ஒத்தாசை செய்தேனா?

கடைசிக் காட்சியைப் பற்றி எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள். முதல் பாகத்தில் அப்பாவைக் கொன்ற மூன்று பேரையும் வெட்டி முடித்துவிட்டாள். இந்தப் பாகத்தில் கத்தியைப் பரணில் போட்டுவிட்டு அருவிக்கரையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். நான்காவதாக ஒருவன் இருந்தது இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. கொலை நடந்த அன்று அவன் வாசலில் காவல் நின்றவன். மறுபடி கத்தியை எடுக்கிறாள். கடையைப் பூட்டுகிறாள், ஊர் ஊராகத் தேடுகிறாள், வழிமறிக்கிறவர்களை வெட்டுகிறாள், காலில் புண் வருகிறது, மழையில் நனைகிறாள். கடைசியில் ஊர் திரும்பி மறுபடி கடையைத் திறக்கிறாள். அவன் கிடைக்கிறபோது கிழவனாகி, கை நடுங்க, அவள் கடையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். கத்தியை உருவி நிற்கிறாள். இரண்டு நிமிடம் அருவிச் சத்தம். பிறகு ஒரு வரி.

நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள். சப்டைட்டிலில் இருப்பது இவ்வளவுதான்: 'இனி நீ போகலாம்.' நீங்கள் அந்த இடத்துக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் கற்பு வருகிறது. மறத்தமிழச்சி வருகிறது. அவள் ஜப்பான்காரி, அண்ணாச்சி. கடைசியில் அவள் அவனை மன்னிப்பதே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வரி குறைத்தால் அது சரியாகாது.

பானு


தென்காசி
4.7.2025

பானுவுக்கு,

ஒன்பது நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். இதையும் கிழிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகத் தபால் பெட்டிக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பத்துநாலு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். விற்கிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், இருவரின் தகப்பனார் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் எழுதுவேன். கிணற்றுக்கு ஒரு வரி உண்டு. வேலியோரத்து வேப்பமரத்துக்குக்கூட ஒரு வரி உண்டு. என் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில் வரும். அதன்மேல் சீல் குத்திவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் நான் எழுதியது பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. எழுதியவன் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. குத்தமாகச் சொல்லவில்லை, அந்த வேலை அப்படி.

முதல் பாகத்தில் திரையில் என் பெயர் வந்ததும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பதினொரு தரம் பார்த்தேன். மூன்று இடத்தில் போட்டுக்கொண்டது அந்த ஆசையில்தான். உன் பெயரை விட்டது உன் மாமியாருக்குப் பயந்து இல்லை. படம் பார்த்த எல்லாரும் "அந்தப் பொம்பளப்புள்ள என்னமா பேசுதா" என்றுதான் சொன்னார்கள். உன் பெயரும் வந்துவிட்டால் என் பெயரை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். காரணம் அதுதான். வேறு இல்லை.

சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கத்தை என்னால் குறைக்க முடியாது. மற்ற வசனமெல்லாம் சப்டைட்டிலைப் பார்த்து எழுதியது. அந்த ஒரு பக்கம்தான் நானாக எழுதியது.

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
9.7.2025

அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் உண்மையை எழுதியதால் நானும் எழுதுகிறேன். என் பெயர் திரையில் வந்திருந்தால் மாமியிடம் நான் வாயைத் திறந்து சொல்லவேண்டி இருந்திருக்காது. தானாகத் தெரிந்திருக்கும். அந்த வேலையை உங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். நடக்கவில்லை என்றதும் உங்கள்மேல் கோபம் வந்தது. மாமி அதட்டுகிறவர் இல்லை. அதட்டினால் பதில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்தான் உளறுவேன்.

இப்போது புதுச் சிக்கல். பக்கத்து வீட்டு சாஜிதா உங்கள் நோட்டீஸைக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்துவிட்டாள். மாமிக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். "ஞாயித்துக்கெழம நாம போறோம்" என்று சொல்லிவிட்டார். என் குரலை நானே கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும்.

அந்த ஒரு பக்கத்தை நான் பேசமாட்டேன். நன்றாக இல்லை என்பதற்காக இல்லை. ஒருத்தரை விட்டுவிடுவது என்று முடிவு செய்தவள் அவ்வளவு நேரம் பேசமாட்டாள். அவ்வளவு பேசுகிறவள் இன்னும் விடவில்லை என்று அர்த்தம்.

பானு


தென்காசி
16.7.2025

பானுவுக்கு,

காஜாவிடம் சொல்லிவிட்டேன். கடைசிக் காட்சிக்கு என் வசனம் வேண்டாம். உன் குரல் இல்லாத இடத்தில் வேறு யார் குரலும் வேண்டாம். ஜப்பான்காரியின் குரலும் தமிழ்ப் படத்தில் பொருந்தவில்லை, அதையும் எடுத்தாகிவிட்டது. அருவிச் சத்தம் மட்டும் ஓடும். துண்டைத் தேடுகிற ஆளை எடுக்க முடியவில்லை.

டைட்டிலில் முதல் பெயர் உன்னுடையது. தனியாக, பெரிதாக. என்னுடையது ஒரே இடத்தில்.

பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் மின்விசிறிக்கு நேராக இரண்டு நாற்காலிகளில் துண்டு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

குற்றாலீஸ்வரன்


தென்காசி
21.7.2025

அன்புள்ள பானு,

நேற்று என்ன சொன்னாய்?

எனக்குத் தெரியவேண்டும். அந்த நேரம் நான் உள்ளே இல்லை. அதுவரை நின்றுகொண்டே பார்த்தேன். கிழவன் கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுதிய ஒரு பக்கமும் இல்லாமல் வெறும் வாயசைவு ஓடுவதைப் பார்க்க மனசு வரவில்லை. வெளியே போய் ஒரு டீ சொன்னேன். பாதி டீயில் உள்ளே பெரிய கைதட்டல் கேட்டது. ஓடி வந்தால் படத்தைக்கூடப் பார்க்காமல் எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். உன்னையும் உன் மாமியாரையும் கூட்டத்துக்குள் காணவில்லை.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மண்டபத்து வாட்ச்மேன் சுடலைக்கண்ணு, நீ கிழவனைக் கெட்ட வார்த்தையில் வைததாகச் சொல்கிறார், அதுவும் பாராட்டாக. இசக்கிமணி வாத்தியார், நீ ஒரே ஒரு சொல்தான் சொன்னாய், ஆனால் அது அவருக்குக் கேட்கவில்லை என்கிறார். காஜா போனில் படம் பிடித்தான். அதில் அவன் அழுவதுதான் கேட்கிறது.

மூன்று கடிதம் எழுதும் அளவுக்கு எனக்கு இன்று சொல்ல இருக்கிறது. ஒன்றையும் எழுதவில்லை. நீ சொன்னதை மட்டும் எழுது.

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
24.7.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டைட்டிலில் என் பெயர் வந்தது. திரை முழுக்க, தனியாக. மாமி படித்துவிட்டு என் தொடையில் தட்டி, "ஏட்டி, ஒம் பேருலயே ஒருத்தி இருக்கா பாரு" என்றார். ஆமாம் மாமி என்றேன். அதோடு தைரியம் தீர்ந்துவிட்டது.

படம் முழுக்க மாமி அசையவில்லை. நடுவில் ஒருமுறை, "இந்தப் புள்ள தெளிவாப் பேசுதா" என்றார். உங்கள் வசனங்களுக்கும் கைதட்டல் விழுந்தது. 'யாருடைய தூண்டுதலும் இன்றி' வரும்போது ஆண்கள் பக்கம் விசில். அந்த நேரம் நீங்கள் உள்ளேதான் இருந்திருப்பீர்கள்.

கிழவன் வந்து உட்கார்ந்தான். அவள் கத்தியை உருவினாள். அருவிச் சத்தம். துண்டைத் தேடுகிற ஆள் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு தானாகவே அமைதியாகிவிட்டது. அந்த இரண்டு நிமிடம் ஒரு குழந்தைகூட அழவில்லை. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. "என்னட்டி, சவுண்டு போயிட்டா?" என்று மாமி கேட்டார்.

அண்ணாச்சி, நான் யோசித்து எழுந்திருக்கவில்லை. அவள் வாய் அசைகிறது, என் வாய் சும்மா இருக்கிறது. இரண்டு பாகமாக அவளோடு பேசியவள் நான். அவளை அப்படித் தனியாக நிற்கவிட முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சப்டைட்டிலில் இருந்ததும் வரவில்லை, நீங்கள் எழுதியதும் வரவில்லை.

"எந்திச்சுப் போவும். ஒமக்காவ இன்னும் எத்தன நாளைக்கு நான் இந்தக் கத்தியத் தூக்கிக்கிட்டு அலைய?"

இதுதான் சொன்னது. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. வயதானவர் என்பதால் மரியாதை தானாக வந்துவிட்டது. நான் முடிப்பதற்குள் அவள் வாய் மூடிவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. கிழவன் எழுந்து போனான். அதன்பிறகுதான் கைதட்டல். எனக்கு அப்போதுதான் நான் நிற்பது தெரிந்தது. உட்கார்ந்தேன்.

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நான் உளறவில்லை.

"இவ்வளவு நேரம் பேசுனது நீயா?"

"ஆமா மாமி."

"படம் பூராவுமா?"

"மொதப் பாகமும் நாந்தான் மாமி. டியூஷன்னு சொன்னது பொய்."

அவர் ஒரு காதைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "அப்ப வீட்டுல எங்கிட்ட மட்டும் எதுக்குட்டி வாய்க்குள்ளயே முனங்குத? எனக்குத்தான் காது போச்சுன்னு ரெண்டு வருசமா சொட்டு மருந்து ஊத்திக்கிட்டுல்லா கெடக்கேன்" என்றார்.

கூட்டம் எங்களைச் சூழ்ந்துவிட்டது. அதனால் சமையல்கட்டு வழியாக வெளியே வந்துவிட்டோம். உங்களைத் தேடினேன். டீக்கடைப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். சேனலில் போடுவதற்குக் கடைசிக் காட்சியைப் பதிவு செய்துவிடலாம். மாமியும் வருகிறார், மெத்தை கட்டிய அறையைப் பார்க்கவேண்டுமாம். உங்கள் ஒரு பக்கத்தைக் கொண்டுவாருங்கள். கயோ பேசமாட்டாள். ஆனால் அவன் எழுந்து போனபிறகு, அவள் தனியாகக் கடையைக் கழுவிவிடுகிற காட்சி ஒன்றரை நிமிடம் பேச்சில்லாமல் ஓடுகிறது. அங்கே கதை சொல்லும் குரலாக நீங்கள் பேசலாம். கற்பையும் மறத்தமிழச்சியையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன், மீதி நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து அவர் கூப்பிட்டார். மாமிதான் போனை எடுத்தார். மண்டபத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஏலே ரபீக்கு, ஒனக்கு இது முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ மெதுவாக வந்தது. மாமி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீயும் முனங்காதலே. சத்தமாச் சொல்லு."

பானு